சேமக்காலையில் முன்னோரைத் தேடுதல்

புதியவர் ஒருவர் ஊருக்குள் வந்தால், யாழ்ப்பாணத்து முதியோர் அவரிடம் முதலிற் கேட்பது ஊரையும் தகப்பன் பெயரையுமே. தகப்பன் பெயர் தெரிந்தவுடன் பாட்டன் பெயரை அவர்களே சொல்லிவிடுவர். பாட்டன் பெண்ணெடுத்த வீடு எது, பெண் கொடுத்த வீடு எது என்பதையும் எடுத்துரைப்பர். ஆனால் பாட்டனைக் கடந்து பூட்டனுக்கு வந்ததும் பேச்சுத் தளர்கிறது. பூட்டனுக்கு அப்பால் பெரும்பாலான குடும்பங்களில் நினைவு அறுந்தே போகிறது. ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கரையிலே பிதிர்க்கடன் செய்பவர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயரையே சொல்கிறார். மூன்று தலைமுறை என்பது ஏறத்தாழ 100 ஆண்டு. அதற்கு முன்னர் வாழ்ந்தவர் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வாறு மறைந்தனர் என்று அறிய விரும்புவோர் வேறு சாட்சிகளை நாடவேண்டியவராகின்றனர். அத்தகைய சாட்சிகளுள் ஒன்று பழைய சேமக்காலை.

இறந்தவரோடு பெயரையும் சேர்த்து வைக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்வு செய்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டோடு சிறு முத்திரை ஒன்றையுங் கண்டெடுத்தனர். அதிலே பிராமி எழுத்துகள் மூன்று பொறிக்கப்பட்டிருந்தன. 'கோவேத' என்று அவற்றை அறிஞர் வாசித்தனர். மண்ணுக்குள்ளே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அம்மூன்று எழுத்துகள், மனிதன் பெயரை எவ்வளவு பெரிதாக மதித்தான் என்பதைக் காட்டுகின்றன. தமிழகத்திலே வீரருக்கு நடுகல் நாட்டிய மரபைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. ஆதலின், கல்லிலே பெயரெழுதிக் காத்தல் மேலைநாட்டார் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுதல் சரியன்று.

எனினும், ஒவ்வொருவர்க்கும் கல் நாட்டும் வழக்கம் ஒவ்வொரு சமயத்தாரிடத்தும் இல்லை. கிறிஸ்தவர் புதைக்கின்றனர், வசதி உள்ளவர் கல்லும் வைக்கின்றனர். முஸ்லிம்கள் மையவாடியிலே மீசான் நாட்டுகின்றனர். ஆயின் அதில் எழுத்து இருப்பதும் உண்டு, இல்லாதிருப்பதும் உண்டு. சைவருட் பெரும்பாலார் தகனம் செய்கின்றனர். வீரசைவர் சமாதி வைக்கின்றனர். ஆகவே முன்னோரைத் தேடிச் செல்பவர் முதலில் உணரவேண்டியது ஒன்றுண்டு. கல் ஒரு வாயில் மாத்திரமே. வாயிலில் நின்று பெயரையும் நாளையும் படிக்கலாம். வீட்டுக்குள்ளே சென்று அம்மனிதரைக் காணவேண்டுமாயின், கல்லிலிருந்து இடாப்புக்கும், இடாப்பிலிருந்து உறுதிகளுக்கும், உறுதிகளிலிருந்து ஊர் முதியோரின் வாய்ச்சொல்லுக்கும் நடந்தே ஆகவேண்டும்.

சேமக்காலைக்குப் புறப்படுமுன்னர் வீட்டிலேயே செய்துமுடிக்க வேண்டிய வேலை ஒன்றுளது. குடும்பம் எந்தச் சபையைச் சார்ந்தது, எக்காலத்திற் சார்ந்தது என்று கேட்டறிதல் வேண்டும். போர்த்துக்கீசர் காலத்திலே கத்தோலிக்கரான குடும்பங்கள் உள. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின், வெளிக்கு அவர்தம் சபையில் இருந்துகொண்டு உள்ளே பழைய சமயத்தைக் காத்த குடும்பங்களும் உள. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன்பின் 1814இல் வெஸ்லியன் மிசனும், 1816இல் அமெரிக்க மிசனும், 1818இல் சேர்ச் மிசனும் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கின. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் ஆகியன அமெரிக்க மிசனின் நிலையங்கள். நல்லூரும் சுண்டிக்குளியும் சேர்ச் மிசனைச் சார்ந்தவை. பாட்டியார் எந்தப் பாடசாலையிற் படித்தார் என்ற ஒரு சிறு செய்தி, எந்தச் சேமக்காலையின் படலையைத் திறப்பது என்பதைத் தீர்மானித்துவிடும்.

சேமக்காலைக்குள் நுழைந்தவுடன் தேடும் பெயரை மாத்திரம் கண்டுபிடித்து, அதனைப் படியெடுத்துக்கொண்டு திரும்புவோர் பலர். அது பாதி வேலையே. ஊர்ப்புறச் சேமக்காலைகளில் உறவினர் அருகருகே அடக்கம் செய்யப்படுவது வழக்கம். தேடிய கல்லுக்கு வலப்புறம் யார், இடப்புறம் யார், பின்வரிசையில் யார் என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். கணவனின் கல்லிலே மனைவியின் பெயர் இருக்கும். அவள் பிறந்த வீட்டின் பெயர் இராது. ஆனால் இரண்டு கல் தள்ளி அவளுடைய தகப்பனாரோ தமையனாரோ உறங்கக்கூடும். சிறு கற்களையும் கடந்து போய்விடலாகாது. அவை குழந்தைகளுடையவை. பெரும்பாலான குடும்பங்களின் வாய்வழி வரலாற்றிலே இடம்பெறாத பிள்ளைகள் அவர்கள். ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரு குடும்பத்தார் பலர் இறந்திருப்பின் அதற்குக் காரணம் ஒன்று இருந்திருக்கும். 1866, 1867 ஆகிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாட்டிய வாந்திபேதி பல வீடுகளை வெறுமையாக்கியது. அவ்வாண்டுகளைத் தாங்கிய கற்கள் ஒருங்கே நிற்குமாயின், அவை தனித்தனிக் குடும்பத்தின் துயரத்தோடு ஓர் ஊரின் துயரத்தையும் சொல்கின்றன.

கல்லைப் படிப்பதற்கும் முறையுண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய சமாதிகள் பல முருகைக்கல்லால் கட்டிச் சுண்ணச் சாந்து பூசப்பட்டவை. எழுத்து அச்சாந்திலேயே கீறப்பட்டிருக்கும். சாந்து உதிர்ந்தால் பெயரும் உதிர்ந்துவிடும். உச்சிவெயிலில் எழுத்துத் தெரியாத கல், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியிலே தெளிவாகத் தெரியும். நிழலில் உள்ள கல்லுக்குக் கண்ணாடி ஒன்றினால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடலாம். மண் படிந்திருப்பின் வெறும் நீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் கல்லைத் தின்றுவிடும். எழுத்தை எடுப்பாகக் காட்டும்பொருட்டு வர்ணம் பூசுதலும், உடைந்த கல்லைச் சீமெந்தினால் ஒட்டுதலும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீங்குகளாம். பாசியைச் சுரண்டினால் அதனோடு கல்லின் மேற்படையும் போய்விடும். உள்ளதை உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும். ஓரெழுத்துச் சிதைந்திருப்பின் அவ்விடத்தை வெற்றிடமாக விடுதலே நேர்மை. அதனை ஊகித்து நிரப்புதல் பிற்காலத்தாரை ஏமாற்றுவதாகும். முதலிற் கோயிற்பற்றுக் குரவரிடமோ போதகரிடமோ அனுமதி பெறுதலும், படியெடுத்ததில் ஒரு பிரதியை அவரிடமே விட்டு வருதலும் மரியாதை.

இனி, கல் சொல்வது முழுவதும் மெய் என்று கொள்ளலாமோ என்ற வினா எழும். இறந்த நாளைப் பெரும்பாலும் நம்பலாம். பிறந்த ஆண்டை அவ்வாறு நம்புதல் இயலாது. 'தமது 60ஆவது வயதில் மறைந்தார்' என்று பொறித்திருப்பின், அவர் 60 வயதை நிறைவு செய்தவர் அல்லர். 59ஐ நிறைவு செய்தவர். அதனைக் கவனியாமற் கழித்தால் ஓராண்டு பிழைக்கும். அன்றியும், இறந்து முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, கையிற் பணம் சேர்ந்தபின் பேரப்பிள்ளைகள் நாட்டிய கற்கள் பல. அவர்கள் பாட்டனின் வயதை ஊகித்தே எழுதியிருப்பர். கல் அன்பினால் எழுதப்படுவது. இடாப்புக் கடமையினால் எழுதப்படுவது. இரண்டும் முரண்படுமிடத்து, நிகழ்ச்சி நடந்த காலத்துக்கு எது அண்மையில் எழுதப்பட்டதோ அதற்கே முதன்மை தருதல் முறை.

கோயில்களிலே ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என மூவகை இடாப்புகள் வைக்கப்படுகின்றன. ஞானஸ்நான இடாப்பில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தையர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் ஆதலின், மறைந்துபோன கிளையொன்று அவ்விடத்தில் வெளிப்படுதல் உண்டு. பிறப்பு இறப்புகளை அரசு பதிவு செய்தல் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முறைப்படுத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கோயில் இடாப்புகளையும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்புகளையும் நாடவேண்டும். காணி யாருடையது, இறை எவ்வளவு என்று அறிதற்காக ஒல்லாந்தர் தோம்பு எழுதுவித்தனர். தலைத்தோம்பிலே வீட்டுத் தலைவனோடு குடும்பத்தாரையும் குறித்தனர். வரி அறவிடுவோர் தம் நலங்கருதி எழுதியது இன்று வமிசாவளி தேடுவோர்க்குப் பெருந்துணையாய் நிற்கிறது. ஒல்லாந்தர் கால ஆவணங்களிற் பெருந்தொகையானவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திற் பாதுகாக்கப்படுகின்றன.

கல்லையும் இடாப்பையும் ஒப்புநோக்குமிடத்துப் பெயர் ஒரு பெரும் இடர்ப்பாடு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழிவழியாக நிற்பதில்லை; தகப்பன் பெயரின் முதலெழுத்தே மகன் பெயருக்கு முன் நிற்கிறது. பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் உண்டு ஆதலின், ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும். ஓராண்டுக் கணக்குத் தவறினால் பாட்டனைப் பேரனாகவும், பேரனைப் பாட்டனாகவும் கொள்ள நேரும். மிசன் பாடசாலைகளிலோ வேறொரு சிக்கலும் இருந்தது. 1823 முதல் 1855 வரை நடந்த வட்டுக்கோட்டை செமினரியிலும் பிற மிசன் பாடசாலைகளிலும் படித்த பிள்ளைகள் பலர்க்கு, படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் இடப்பட்டன. பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளையின் புதல்வர். மிசன் வழக்கிலோ அவர் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி. அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாய் விளங்கிய விசுவநாதபிள்ளையவர்கள் கறொல் என்ற பெயரும் உடையர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்போரும் அவ்வாறே. ஆகவே இடாப்பிலே அமெரிக்கப் பெயர் ஒன்றைக் கண்டு, 'இவர் நம்மவர் அல்லர்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுபவர் சொந்தப் பூட்டனையே கடந்துபோனவர் ஆதலுங் கூடும்.

பெண்களைத் தேடுதல் இன்னும் கடினம். உடுவிலிலே 1824இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் வரலாறு இதற்கோர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கனெக்ரிக்கற்றில் 1796இற் பிறந்த அவர், 1833இல் உடுவிலிலேயே மறைந்தார். அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி இன்றும் அறிஞர் மேசைகளில் உள்ளது. அம்மையாரின் சகோதரியர் மூவரும் மிசனரிமாரின் மனைவியராய் யாழ்ப்பாணம் வந்தனர். ஒருவர் ஹச்சிங்ஸ், ஒருவர் பெரி, ஒருவர் செரி என்று கணவர் பெயரால் அழைக்கப்பட்டனர். நான்கு குடும்பப் பெயர்களையும் ஏட்டிலோ கல்லிலோ காண்பவர், அவர்கள் நால்வரும் லேத்ரொப் என்னும் ஒரே வீட்டில் ஒரே தாய் வயிற்றிற் பிறந்தவர் என்று எவ்வாறு அறிவர்? பெண்ணின் பிறந்த வீட்டைத் தனியே தேடாவிடில் உறவு முழுவதும் மறைந்துபோம். அதே அம்மையாரின் இலங்கையிற் பிறந்த மகள், சென்னையிற் பணிசெய்த டலஸ் என்னும் போதகரை மணந்தார். அவர்களின் பேரரே 1953 முதல் 1959 வரை அமெரிக்க அரசுச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ். உலக அரசியலிற் பெயரெடுத்த ஒருவரின் வேர்களுள் ஒன்று உடுவில் மண்ணிலே கிடக்கிறது.

வேர் இங்கும் கல் அங்குமாய் இருத்தலும் உண்டு. மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்து, தமிழ் வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோரை உருவாக்கிய சாமுவேல் கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மசசூசெற்சில் உள்ள வூஸ்ரர் நகரிலே மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதையே தமது கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்று அவர் விரும்பினார்; அவ்வாறே பொறிக்கப்பட்டது. 'தமிழர்' என்னும் சொல் கடல் கடந்த ஒரு சேமக்காலையிலே நிற்கிறது. யாழ்ப்பாணத்து வைத்தியர் குடும்பங்களின் வரலாற்றை எழுதுவோர் அந்தக் கல்லையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் தகும்.

இலங்கையிலே சேமக்காலைக் கற்களை முறையாகத் தொகுக்கும் பணியில் முன்னின்றோர் சிலர். லுடொவிசி என்பார் ஒல்லாந்தர் கோயில்களிலும் சேமக்காலைகளிலும் உள்ள பொறிப்புகளைத் திரட்டி 1877இல் நூலாக்கினார். சிவில் சேவையைச் சேர்ந்த பென்றி லூயிஸ் 1913இல் தீவு முழுவதற்குமான பட்டியலை வெளியிட்டார். கல் நாட்டப்பெறாது மறைந்தோர்க்கும் அந்நூலிலே ஒரு பகுதி ஒதுக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை, குடும்பம் குடும்பமாக வமிசாவளிகளை வெளியிட்டு வந்தது. அவற்றைத் தொகுத்தோர் கல்லையும் கோயில் இடாப்பையும் ஒருங்கே வைத்து எழுதினர். சிறு சமூகமாயினும், பறங்கியர் தம் முன்னோரை இருநூறு முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சொல்ல வல்லவராயிருப்பது இவ்வுழைப்பின் பயனேயாகும்.

இத்தகைய பட்டியலின் அருமை, கல் அழிந்த பின்னரே நன்கு விளங்கும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவான தேவாலயம், அவர் காலத்துக் கல்லறைக் கற்கள் பலவற்றைக் கொண்டிருந்தது. 1990இற் கோட்டையைச் சூழ்ந்து நடந்த போரிலும் அதன் பின்னரும் அக்கட்டடம் இடிபாடாயிற்று. இன்று அங்கே செல்வோர் காண்பது கற்குவியலையே. ஆயினும் அக்கற்களிலே எழுதியிருந்தவற்றை முன்னரே படியெடுத்து அச்சிட்டிருந்தமையால், கல் போயும் சொல் போகவில்லை.

கல் அழியாமலே இடம் மாறுதலும் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திற் கிடந்த ஒல்லாந்தர் கற்கள் 1813இல் வுல்வெண்டால் தேவாலயத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. காலியிலே 1755இற் கட்டிமுடிந்த பெரிய தேவாலயத்தின் தளம் முழுவதும் கல்லறைக் கற்களால் ஆயது. அவற்றுட் பல பழைய சேமக்காலையிலிருந்து கொணர்ந்தவை. கொழும்பிலே அரபு எழுத்துப் பொறித்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீசான் ஒன்று, ஒல்லாந்தர் காலத்தில் அதிகாரி ஒருவரின் வீட்டு வாயிற்படியாயிற்று. இந்நாட்டு முஸ்லிம்களின் தொன்மைக்குச் சாட்சியான கல்லின்மேலே கால்கள் ஏறி இறங்கின. ஆகையால் கல் நிற்குமிடமே உடல் கிடக்குமிடம் என்று துணிந்து கூறலாகாது. கல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

கல்லே இல்லாதவரை எங்ஙனம் தேடுவது? மலைநாட்டிலே இவ்வினா மிகக் கூர்மையாக எழுகிறது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். அவர்க்குக் கல்லும் இல்லை, இடாப்பும் இல்லை. தோட்டங்களை அடைந்து உழைத்து மறைந்தோரும் தேயிலைச் செடிகளின் அயலிலேயே புதைக்கப்பட்டனர். ஒரு மரமோ, கற்குவியலோ அவர்க்கு அடையாளம். நினைவுச் சின்னமின்றித் தேயிலையின் அடியிற் கிடக்கும் அம்மக்களைக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1950களிலேயே பாடினார். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். கல் இல்லாத இடத்திலே பாதையே கல்லறையாயிற்று எனலாம். இக்குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடுமிடத்து, தோட்டத்துப் பேர் இடாப்புகளும், பழைய பிரசாவுரிமை விண்ணப்பங்களும், பிரயாணப் பத்திரங்களும் துணை செய்யும். அவற்றிலே தமிழகத்து ஊரின் பெயர் இருக்குமாயின் அதுவே பெரும் பேறு. பழைய கடதாசி என்று அவற்றை எரித்துவிடுதல் கல்லை உடைத்தலோடு ஒக்கும்.

சைவக் குடும்பங்களுக்குச் சேமக்காலை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவர் தம் இறந்தோர்க்கு வைக்கும் ஒன்றின் பெயரைக் கேட்டால் வியப்பு உண்டாகும். அதன் பெயர் 'கல்வெட்டு'. 31ஆம் நாள் அந்தியேட்டியன்று பாடிப் படிக்கப்பட்டு, உறவினர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூல் அது. உடலை நெருப்புக்குக் கொடுத்தவர்கள், கல்லிலே வெட்டவேண்டியதைக் கடதாசியிலே வெட்டினர். அதிலே ஊர்ச்சிறப்பு வரும். இன்னார் மகன், இன்னார் பேரன் என்ற வழிமுறை வரும். கல்வி, தொழில், விவாகம், பிள்ளைகள், மருமக்கள் யாவும் முறைப்படி வரும். மனைவி புலம்பலும் மக்கள் புலம்பலும் வரும். மறைந்த நாள் திதி வெண்பாவில் அமைந்திருக்கும். சேமக்காலைக் கல்லொன்று நான்கு வரியிற் சொல்வதைக் கல்வெட்டு நாற்பது பாடலிற் சொல்கிறது. வமிசாவளி தேடுவோர்க்கு இதனிலும் நிறைந்த சாட்சி கிடைத்தல் அரிது.

கல்வெட்டைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். ஆண்டு அறுபது ஆண்டு வட்டத்துப் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். 'பிலவ வருடம்' என்று மாத்திரம் இருந்தால், அது 1901இல் தொடங்கிய பிலவவோ, 1961இல் தொடங்கிய பிலவவோ என ஆராய வேண்டும். 2021இலும் பிலவ வந்தது. பிள்ளைகளின் வயதையும், குறிப்பிட்ட உத்தியோகங்களையும், அச்சகத்தின் பெயரையும் கொண்டு அதனை நிச்சயிக்கலாம். கிழமையும் திதியும் கூறப்பட்டிருப்பின் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஐயம் நீங்கும். ஆண்டை மறந்த வீட்டாரும் திதியை மறவார். வருடந்தோறும் திவசம் செய்து வருகின்றனர் அன்றோ?

ஆனால் கல்லைக் காட்டிலும் கடதாசி விரைவில் அழியும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் வரை அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரைவிட்டு நீங்கினர். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஓடும்போது குழந்தையையும் முதியோரையும் தூக்கியவர் கைகளிலே, பெட்டியடியிற் கிடந்த கல்வெட்டுக்கு இடமிருந்ததில்லை. பல ஊர்களின் சேமக்காலைகள் பல்லாண்டுகள் மனிதர் கால் படாது பற்றைக்காடாய்க் கிடந்தன. போரிலே மறைந்தோருட் பலர்க்குக் கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. எஞ்சியதைக் காக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எனும் மின்னூலகம், பழைய நூல்களோடு இத்தகைய நினைவு வெளியீடுகளையும் படியெடுத்து யாவரும் படிக்க வைக்கிறது. வீட்டிலே ஒரு கல்வெட்டு வைத்திருப்பவர் அதன் படியொன்றை அத்தகைய இடத்துக்குக் கொடுப்பது, தம் குடும்பத்துக்கு மாத்திரமன்றி அதிற் பெயர் சொல்லப்பட்ட மருமக்கள் குடும்பங்களுக்கும் செய்யும் உதவியாகும்.

முன்னோரைத் தேடுவோர் அனைவர்க்கும் மகிழ்ச்சியே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. செல்வர் என்று வீட்டிலே சொல்லப்பட்ட பூட்டன் கடன்பட்டு இறந்தவர் என்பதை உறுதி ஒன்று காட்டக்கூடும். தத்தெடுத்த பிள்ளை வழியே குலம் வந்தது என்பதை இடாப்பு காட்டக்கூடும். சேமக்காலையிலும் சாதி பார்த்து ஒதுக்கிய மூலை ஒன்றுண்டு; அங்கே கிடப்போர்க்குக் கல் வைக்க எவரும் இடங்கொடுத்திலர் என்பதையும் காண நேரும். பெருமை ஒன்றையே நாடிச் சென்றவர் அவ்விடத்திலிருந்து விரைந்து திரும்பிவிடுவர். உண்மையை நாடிச் சென்றவரோ அந்த மூலையிலும் நின்று, அங்கிருப்போரின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்து எழுதிக்கொள்வர். வமிசாவளி எழுதுதலின் நேர்மை அவ்விடத்திலேதான் அறியப்படும்.

இன்று கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஒஸ்திரேலியாவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகின்றனர். பாட்டனின் பெயரும் ஊரின் பெயருமே அவர்கள் கைப்பொருள். ஊரின் கல்லையும் ஒழுங்கையையும் காட்டித் தரக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கார்த்திகை இரண்டாம் நாள், நவம்பர் 2இல், கத்தோலிக்கர் தம் இறந்தோரை நினைந்து சேமக்காலைகளிற் கூடுகின்றனர். கல்லறைகள் வெள்ளையடிக்கப்பட்டு, மெழுகுதிரி ஏற்றப்பட்டு, ஒவ்வொரு கல்லருகிலும் அக்குடும்பத்து முதியவர் ஒருவர் நிற்பார். கேட்க விரும்புவோர்க்கு அதனிலும் உகந்த நாள் வேறில்லை. கல்லில் எழுதாததை அவர் சொல்வார்: மறைந்தவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபிப்பார், எந்தக் கிணற்றை வெட்டுவித்தார், யாருக்கு உதவினார் என்று. அதனை எழுதிக்கொள்பவரே முன்னோரைக் கண்டவராவர்.

ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் சேர்ந்து, தத்தம் ஊர்ச் சேமக்காலையின் கற்களை வரிசை வரிசையாய்ப் படியெடுத்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியை நூலகத்திலும் வைப்பாராயின், இரண்டு மூன்று வார இறுதிகளில் அவ்வேலை முடிந்துவிடும். பெரும்பணம் வேண்டியதில்லை, கொப்பியும் எழுதுகோலும், கண்ணாடி ஒன்றும், பொறுமையுமே வேண்டும். அடுத்த மாரிமழையிலே இன்னுஞ் சில எழுத்துகள் உதிரும். உதிருமுன் அவற்றைப் படித்துவைத்தல் இன்றிருப்போர் கடன்.